சீனி டப்பா காலி. சர்க்கரை இன்னும் காலியாகவில்லை

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு 42 வயது. என்.எச்.எஸ். (இங்கத்திய அரசு மருத்துவ சேவை) ஹெல்த் செக்கில் அவருக்கு எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தச் சர்க்கரை அளவு 43 வந்தது. "பார்டர்தான். ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டாம்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். அதே மாதம் 9 வயது மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அன்றோடு வீட்டில் சீனியை நிறுத்திவிட்டேன். காபிக்குக் கருப்பட்டி, பிள்ளைகள் பாலுக்குத் தேன், கோலாவுக்குப் பதில் 'நோ ஆடட் ஷுகர்' ஜூஸ், பிஸ்கட்டும் 'ஷுகர் ஃப்ரீ'. லேபிளில் 'ஷுகர்ஸ்' என்று போட்டிருப்பதால் கடைத் தயிர், பேக்ட் பீன்ஸ், மியூஸ்லி எல்லாவற்றையும் விட்டாயிற்று. வாழைப்பழமும் வாங்குவதில்லை. 4 வயது மகளுக்குப் பாலைக்கூடக் குறைத்துவிட்டேன். நியூஜெர்சியில் இருக்கும் அக்கா, "இங்கே 50 கிராம்தான் கணக்கு, நீ ஏன் இப்படிப் பயப்படுகிறாய்?" என்கிறாள். எது சரி? நான் செய்வது போதுமா? மாமியாருக்கு 15 வருடமாகச் சர்க்கரை நோய், கிளிக்லசைடு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இதே சாப்பாடுதான்.

பதில்: முதல் வேலையாக மகளுக்குப் பாலைத் திருப்பிக் கொடுங்கள். வாழைப்பழத்தையும் இன்றே வாங்கலாம். நீங்கள் நிறுத்தியவற்றில் பாதி, நிறுத்தத் தேவையே இல்லாதவை. தொடர்கிறவற்றில் பாதி, குறைக்க வேண்டியவை. தவறு உங்கள் மேல் இல்லை. இந்த ஊர் லேபிளை நம்பிப் போனால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

நர்ஸ் சொன்ன 30 கிராம், இங்கே 'ஃப்ரீ ஷுகர்ஸ்' என்று சொல்வதற்கான வரம்பு. 'ஷுகர் ஃப்ரீ'யைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும், பொருள் நேர் எதிர். ஆலையில் சேர்த்தாலும், அடுப்படியில் சேர்த்தாலும், கோப்பையில் நீங்களே போட்டுக் கலக்கினாலும் அது ஃப்ரீ ஷுகர். தேன், சிரப், வெல்லம், கருப்பட்டி எல்லாம் அதில் அடக்கம். இனிப்பே சேர்க்காத பழச்சாறு, ஸ்மூதி, குழந்தைகளுக்குப் பையில் அடைத்து விற்கும் பழக்கூழ் இவையும் சேரும். முழு ஆரஞ்சில் சர்க்கரை அதன் செல்லுக்குள் அடைபட்டிருக்கிறது. பிழிந்தால் வெளியே வந்துவிடுகிறது. பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸும், முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில் வராது.

இங்கேதான் சிக்கல். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 'ஷுகர்ஸ்' என்பது மொத்தச் சர்க்கரை. பாலுடையது, பழத்துடையது, ஆலையில் கொட்டியது எல்லாம் ஒரே எண்ணாக வரும். அமெரிக்க லேபிளில் 'ஆடட் ஷுகர்ஸ்' என்று தனி வரி உண்டு. 2020 ஜனவரி முதல் அங்கே பெரிய நிறுவனங்களுக்கு அது கட்டாயம். பிரிட்டன் லேபிளில் அந்த வரி கிடையாது. அதனால்தான் 100 மி.லி. பாலில் 4.7 கிராம் என்று பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அது முழுக்க லாக்டோஸ்.

அக்காவின் 50 கிராமையும் இதோடு தீர்த்துவிடலாம். 2000 கலோரிச் சாப்பாட்டில் 10 சதவீதம் 200 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்றால் 50 கிராம். அமெரிக்க லேபிளில் 100 சதவீதம் என்று போடுவது இந்த 50-ஐத்தான். உலக சுகாதார நிறுவனம் 2015 மார்ச்சில், 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்றது. அதே வருடம் ஜூலையில் பிரிட்டனின் ஊட்டச்சத்து அறிவியல் குழு 5 சதவீதத்தையே இலக்காக எடுத்துக்கொண்டது. அதிலிருந்து வந்ததுதான் பெரியவர்களுக்கு 30 கிராம், 7 முதல் 10 வயது வரை 24, 4 முதல் 6 வயது வரை 19. போதாததற்கு, அமெரிக்க 'ஆடட்' கணக்கில் சுத்தமான பழச்சாறு சேராது. பிரிட்டன் கணக்கில் சேரும். உங்கள் அளவுகோலும் அக்காவுடையதும் அளப்பதே வேறு வேறு பொருளை. இன்னொன்றும் சொல்கிறேன்: 2002-ல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' போட்ட மேல்வரம்பு 25 சதவீதம்! அதற்கு மேல் போனால் வைட்டமினும் தாதுவும் குறைந்துபோகும் என்பது அன்றைய வாதம். இன்றைய வரம்புகள் பல் சொத்தையையும் உடல் எடையையும் பார்த்துப் போட்டவை. நீங்கள் இருப்பது ஹாரோவில், ஆகவே 30, 24, 19-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கடிதத்தோடு எழுதியனுப்பிய ஒரு நாள் குறிப்பு. கணவர் காலையும் மாலையும் குடிக்கும் கருப்பட்டிக் காபி இரண்டுக்கும் சேர்த்து 20 கிராம் கருப்பட்டி போகிறது. அதில் சர்க்கரை 17 கிராமாவது இருக்கும். ஆபீசில் மூன்று டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 24. (சீனியை நிறுத்தியது வீட்டில்தான், ஆபீசில் இல்லை!) காலையில் 250 மி.லி. ஆரஞ்சு ஜூஸ், 100 மி.லி.க்கு எட்டரை கிராம் கணக்கில் 21. ஆக 62 கிராம். சீனி டப்பாவே இல்லாத வீட்டில் வரம்பைப் போல இரண்டு மடங்கு. மகனுக்குக் காலையில் ஒரு 200 மி.லி. ஜூஸ், பள்ளி விட்டு வந்ததும் இன்னொன்று: 34 கிராம். பாலில் இரண்டு ஸ்பூன் தேன்: ஸ்பூனுக்கு 6 கிராம் சர்க்கரை வீதம் 12. மொத்தம் 46; அவனுக்கு உரியது 24.

இவ்வளவுக்கும் நான் பிஸ்கட், சாஸ், சீரியல் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்காமலே தெரிகிறது பாருங்கள், உங்கள் வீட்டுச் சர்க்கரை பெரும்பாலும் குடிக்கிற சர்க்கரை. இது ஒரு வகையில் நல்ல செய்தி. மாற்ற வேண்டியது நான்கைந்து கோப்பைதான், முழுச் சமையலும் இல்லை.

கருப்பட்டியில் இரும்புச் சத்து உண்டே என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். இருக்கட்டும். 10 கிராம் கருப்பட்டியில் வருகிற இரும்புக்காக அதன் சர்க்கரையை வாங்கிக்கொள்வது நஷ்ட வியாபாரம். ஒரு கரண்டி பாசிப்பயறு அதைவிட அதிகம் தந்துவிடும். ருசிக்காகக் குடிக்கிறார் என்றால் ஒரு நாளைக்கு ஒரு கோப்பை, 5 கிராம், அவ்வளவுதான்.

குறைப்பதில் அவசரம் வேண்டாம். இரண்டு ஸ்பூன் குடித்தவருக்கு நாளை முதல் சீனியே இல்லாத டீ என்றால் ஒரு வாரம் தாங்குவார். எட்டாம் நாள் டீயோடு இரண்டு கேக் வரும். இரண்டு வாரத்துக்கு ஒன்றரை ஸ்பூன், அடுத்த இரண்டு வாரம் ஒன்று, பிறகு அரை. இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிடும், பழைய டீ திகட்டும். ஆபீஸ் டீ மூன்றை இரண்டாக்கினாலே எட்டு கிராம் போய்விடும். ஜூஸை எல்லோருக்கும் 150 மி.லி., அதுவும் சாப்பாட்டோடு, நாளுக்கு ஒரே தடவை என்று வையுங்கள். அந்த 150-ஐ ஒரு முறை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி டம்ளரில் பாதிகூட வராமல் போகலாம். 150 மி.லி.யே 13 கிராம். மகளுக்கு 19-ல் 13 என்றால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அவளுக்கு ஆரஞ்சை உரித்துச் சுளையாகக் கொடுப்பது மேல்.

மகனின் பல்லுக்கு அளவோடு தடவையும் முக்கியம். ஒவ்வொரு முறை சர்க்கரை வாயில் படும்போதும் அங்கிருக்கும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. எச்சில் அதைச் சமன்செய்ய நேரம் வேண்டும். ஒரே 200 மி.லி. ஜூஸை ஸ்ட்ரா போட்டு ஒரு மணி நேரம் உறிஞ்சுவது, சாப்பாட்டோடு குடித்து முடிப்பதைவிடக் கெடுதல். உலர்திராட்சையும் அப்படித்தான்: ஃப்ரீ ஷுகரில் சேராவிட்டாலும் பல்லில் ஒட்டும், அதனால் சாப்பாட்டோடு கொடுங்கள். இரவில் தேன் விட்ட பாலைக் குடித்துவிட்டு அப்படியே படுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பால் வேண்டுமானால் வெறும் பால், அதன் பிறகு பல் தேய்ப்பது, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். பேஸ்ட்டில் 1350 முதல் 1500 பி.பி.எம். ஃபுளோரைடு இருக்க வேண்டும். தேய்த்ததும் துப்பினால் போதும். வாயைக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். நம் ஆட்களுக்கு இந்தக் கொப்பளிக்கும் பழக்கத்தை விடவைப்பது சீனியை விடவைப்பதைவிடக் கஷ்டம். இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் காரணம் சொத்தைப் பல் என்றால், விஷயம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். சர்க்கரையைக் குறைத்துவிட்டால் சாப்பாடு நல்லதாகிவிடுமா? நிச்சயமில்லை. எடுத்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பணக்கார நாடுகளே இதற்குச் சாட்சி. அமெரிக்காவில் சேர்த்த சர்க்கரையின் அளவு 2000-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியிருக்கிறது. ஆனால் பெரியவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 1999-2000-ல் 30.5 சதவீதம், 2017-18-ல் 42.4 சதவீதம். அங்கே மொத்தச் சாப்பாட்டுத் தரத்துக்கு அரசு போடும் மதிப்பெண் 100-க்கு 58 வாக்கில் நிற்கிறது. முழுத்தானியமும் காய்கறியும் பெரிதாகக் கூடவில்லை, உப்பும் கொழுப்பும் பெரிதாக இறங்கவில்லை, சோடா மட்டும் குறைந்தது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் குளிர்பான வரி வந்தது: 100 மி.லி.க்குச் சர்க்கரை 5 கிராமைத் தொட்டால் அன்று லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ். 2016-லேயே அறிவித்துவிட்டதால், கம்பெனிகள் வரி கட்டுவதற்குப் பதில் பானத்தையே மாற்றின. கடையில் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் எத்தனை பானங்கள் 4.5, 4.7 என்று கோட்டுக்குச் சற்றே கீழே பதுங்கியிருக்கின்றன என்று தெரியும். வரிக்கு உட்பட்ட பானங்களில் 2015-க்கும் 2019-க்கும் இடையில் சர்க்கரை சராசரியாக 44 சதவீதம் குறைந்தது. பிஸ்கட், கேக், சீரியல் முதலியவற்றுக்கு வரி இல்லை; 2020-க்குள் 20 சதவீதம் நீங்களாகவே குறையுங்கள் என்றார்கள். குறைந்தது 3.5. பழச்சாற்றுக்கும் வரி கிடையாது, உங்கள் வீட்டுக் கதை தெரிந்ததுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் இங்கே பள்ளிப் பிள்ளைகளின் கலோரியில் 12 சதவீதம் வரை ஃப்ரீ ஷுகரிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது; பெரியவர்களுக்கு 10 வாக்கில். இதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நார்ச்சத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. பெரியவர்களுக்கு நாளுக்கு 30 கிராம் வேண்டும், சராசரியாகச் சாப்பிடுவது 20. பத்தில் ஒருவர்கூட 30-ஐ எட்டுவதில்லை. 30-க்கு மேல் போகக்கூடாதது சர்க்கரை, 30-ஐத் தொட வேண்டியது நார். இரண்டுக்கும் ஒரே எண், அதுவும் 2015-ன் அதே அறிக்கையில் வந்தது. ஒன்று மட்டும் பிரபலமாகிவிட்டது.

பாக்கெட்டின் முன்பக்கம் இருக்கும் சிவப்பு, ஆம்பர், பச்சை விளக்குகளில் நாருக்கு இடமே இல்லை என்பதும் ஒரு காரணம். கொழுப்பு, செறிவுற்ற கொழுப்பு, சர்க்கரை, உப்பு, இந்த நான்குக்குத்தான் வண்ணம். சர்க்கரை 100 கிராமுக்கு 5-க்குள் என்றால் பச்சை, 22.5-ஐத் தாண்டினால் சிவப்பு. பானம் என்றால் 2.5-ம் 11.25-ம். இனி நீங்கள் விட்டுவிட்ட மியூஸ்லியையும் தொடர்ந்து சாப்பிடும் கார்ன் ஃப்ளேக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்ன் ஃப்ளேக்ஸில் 100 கிராமுக்கு சர்க்கரை 8, நார் 3. சர்க்கரை சேர்க்காத மியூஸ்லியில் சர்க்கரை 15 வாக்கில், நார் 8 வாக்கில். சர்க்கரை அளவை மட்டும் பார்த்தால் கார்ன் ஃப்ளேக்ஸ்தான் ஜெயிக்கும். ஆனால் மியூஸ்லியின் 15 பெரும்பாலும் திராட்சையுடையது, கார்ன் ஃப்ளேக்ஸின் 8 ஆலையில் சேர்த்தது. நீங்கள் மாற்றி எடுத்துவிட்டீர்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? 'இன்கிரீடியன்ட்ஸ்' பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். ஷுகர், குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், ஹனி, அகேவ், ஃப்ரூட் ஜூஸ் கான்சன்ட்ரேட், டேட் சிரப், இவற்றில் ஏதாவது ஒன்று முதல் மூன்றுக்குள் இருந்தால் அது இனிப்புப் பண்டம், பெயர் எதுவானாலும். மூன்று நான்கு பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அந்தத் தந்திரத்தையும் கவனியுங்கள். பால் பொருளுக்கு ஒரு எளிய கழித்தல் போதும். வெறும் தயிரில் 100 கிராமுக்கு 5 அல்லது 6 கிராம் லாக்டோஸ் இருக்கும். பழத் தயிர் டப்பாவில் 12 போட்டிருந்தால், கூடுதலாக இருக்கும் 6 அல்லது 7 பெரும்பாலும் சேர்த்தது. வெறும் தயிரை வாங்கி அதில் வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் முடிந்தது.

'சர்விங்' என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். சீரியல் டப்பாவில் 30 கிராம் என்றிருக்கும். கணவர் ஊற்றுகிற அளவை அப்படியே தராசில் வைத்துப் பாருங்கள், 55 அல்லது 60 வரும். ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசு இந்த வீட்டுக்கு மருந்து மாதிரி.

பேக்ட் பீன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அரை டின்னில் மொத்தச் சர்க்கரை சுமார் 9 கிராம். அதில் ஒரு பங்கு தக்காளியுடையது. கூடவே 7, 8 கிராம் நாரும் நல்ல புரதமும் வருகின்றன. சர்க்கரையும் உப்பும் குறைத்த டின் அதே அலமாரியில் இருக்கும், அதை எடுங்கள். கொஞ்சம் இனிப்பால் ஒரு நல்ல உணவு உள்ளே போகிறது என்றால் அந்த இனிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஓட்ஸ் கஞ்சியில் அரை ஸ்பூன் சீனி போட்டால்தான் மகன் சாப்பிடுவான் என்றாலும் அப்படியே. வெறும் இனிப்பாகவே வந்து வேறெதையும் கொண்டுவராத கோலாவும் ஜூஸும் மிட்டாயும் வேறு ரகம்.

'ஷுகர் ஃப்ரீ' பிஸ்கட்டுக்கு வருவோம். 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். இனிப்புக்கு மால்டிடால் போன்றவை. அவற்றுக்கும் கிராமுக்கு 2.4 கலோரி உண்டு. மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும். நான்கு சாப்பிட்டால் வயிறு இளகலாம், லேபிளின் ஓரத்தில் அதைச் சொல்லியுமிருப்பார்கள். சாதாரண டைஜஸ்டிவ் ஒன்றில் இரண்டரை கிராம் சர்க்கரைதான். ஷுகர் ஃப்ரீ நான்குக்குப் பதில் அதில் ஒன்று போதும் என்பேன். செயற்கை இனிப்புகளை எடை குறைப்பதற்கென்று நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. கோலாவை விட முடியாதவர் சில மாதம் டயட் கோலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். பிள்ளைகளுக்குத் தண்ணீரையும் பாலையும் பழக்குங்கள்.

கணவரின் 43-க்கு வருவோம். 42 முதல் 47 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 48 ஆனால் நோய். தெற்காசியர்களுக்கு இது மற்றவர்களைவிட மெல்லிய உடம்பிலேயே வருகிறது. அதனால்தான் இங்கே நமக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23-லேயே எச்சரிக்கை, 27.5-ல் அதிக ஆபத்து என்று கணக்கு. அவர் டீயில் போடும் சீனியைவிட, டப்பாவில் அடைத்துக்கொண்டு போகும் வெள்ளைச் சோற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு முறை அதை எடை போடுங்கள். 75 கிராம் அரிசி வடித்தால் 200 கிராம் சோறு, அதில் 55 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, நார் ஒரு கிராம் சொச்சம்தான். பலர் மதியத்துக்குக் கொண்டுபோவது அதைப் போல இரண்டு மடங்கு. லேபிள் ஒட்டியிருந்தால் அந்தச் சோற்றுக்குச் சர்க்கரையில் பச்சை விளக்குதான் எரியும்!

சோற்றை 200 கிராமில் நிறுத்துங்கள். காலியாகும் இடத்தைப் பருப்பும் காயும் எடுக்கட்டும். சாம்பார் வைக்கிறோமே என்பீர்கள். எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஐந்து பேருக்கு 75 கிராம் துவரம்பருப்பில் வைக்கும் சாம்பார் ருசிக்கு, சத்துக்கு ஆகாது. பெரியவர் ஒருவருக்கு 50 கிராம் காய்ந்த பருப்பு என்று போட்டுக் கூட்டாகவோ கெட்டிச் சாம்பாராகவோ வையுங்கள். ஆளுக்கு 7 கிராம் நாரும் 11 கிராம் புரதமும் கிடைக்கும். ஃப்ரீசரில் எப்போதும் பட்டாணிப் பை ஒன்று இருக்கட்டும். மலிவு, உரிக்க வேண்டாம், 80 கிராமில் 4 கிராம் நார்.

கணவருக்கு ஒரு நாள் இப்படிப் போகலாம்: காலையில் 40 கிராம் ஓட்ஸ் கஞ்சி, ஒரு ஆப்பிள் தோலோடு. மதியம் ஹோல்மீல் பிரெட் இரண்டு, அரை டின் பீன்ஸ். இரவு அளவுச் சோறு, கெட்டிப் பருப்பு, பட்டாணி போட்ட பொரியல். முறையே 4, 2.5, 5.5, 7.5, 7, 4 என்று கூட்டினால் 30 வந்துவிடுகிறது. ஆனால் நாளையே 30-க்குத் தாவினால் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, மூன்றாம் நாள் எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். மகனுக்கு இலக்கு 20, மகளுக்கு 15.

சீனியை நிறுத்திய வீடுகளில் நான்காவது வாரம் நடப்பது ஒன்று உண்டு: மிக்சரும் முறுக்கும் கிரிஸ்ப்ஸும் ஏறிவிடும். "இதில்தான் இனிப்பு இல்லையே" என்று மனம் சமாதானம் சொல்லும். ஆய்வாளர்கள் இதை ஏற்றப்பலகை (சீ-சா) என்பார்கள். சாப்பாட்டில் சர்க்கரையின் பங்கு இறங்கினால் கொழுப்பின் பங்கு ஏறும். மாலை நாலு மணிக்கு வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் மேசையில் இருந்தால் இந்தப் பலகை அசையாது. டின் கடலை என்றால் நீரை வடித்துக் கழுவித் தாளித்தால் ஐந்து நிமிடம்.

ஜி.பி.யிடம் (உங்கள் குடும்ப மருத்துவர்) கேட்டு 'ஹெல்தியர் யூ' என்ற என்.எச்.எஸ். சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டத்தில் கணவரைச் சேர்த்துவிடுங்கள். இலவசம்; 9 மாதம் கூடவே வருவார்கள். எச்.பி.ஏ.1.சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், இரண்டு வாரத்தில் மறுபடி எடுத்துப் பார்த்துப் பயனில்லை.

30 கிராம் என்பது ஏதோ புதுக் கொடுமை என்று அவர் முணுமுணுத்தால் ஒன்று சொல்லுங்கள். இதே நாட்டில் 1940 முதல் 1953 வரை சீனி ரேஷனில்தான் கிடைத்தது. ஆளுக்கு வாரம் பெரும்பாலும் 8 அவுன்ஸ், அதாவது நாளுக்கு 32 கிராம். மிட்டாய்க்குக் கூப்பன் தனி. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் அந்த ரேஷன் காலத்தைக் கடந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள், அதைப் படித்து இப்போது வருந்த வேண்டாம்.

கடைசியாக மாமியார். "அவருக்கும் இதே சாப்பாடுதான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். கடிதத்தில் எனக்கு உடனே உறைத்தது அதுதான். கிளிக்லசைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. மாத்திரையின் அளவு பழைய சோற்றுக்கு ஏற்ப இருக்க, சோற்றை மட்டும் திடீரென்று பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை 4-க்குக் கீழே (இங்கத்திய மீட்டரில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழறல். வயதானவர்களுக்குச் சில நேரம் வெறும் எரிச்சலாகவோ குழப்பமாகவோ மட்டும் தெரியும். அவருடைய டயபெடிஸ் நர்ஸிடம் பேசி மாத்திரையைச் சரிபார்க்கும்வரை அவர் சோற்றளவில் கை வைக்காதீர்கள். கருப்பட்டிக் காபியை மட்டும் அரை ஸ்பூனாக இறக்கலாம். நர்ஸிடம் அதையும் சொல்லுங்கள். 'கருப்பட்டிதானே' என்று இத்தனை வருடம் அவர் கணக்கில் காட்டாமலே விட்டிருக்கவும் கூடும்.

அப்படி இறங்கிவிட்டால் உடனே 15 முதல் 20 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும்: 200 மி.லி. பழச்சாறு, அல்லது குளுக்கோஸ் மாத்திரை நான்கைந்து. 10, 15 நிமிடம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். இன்னும் 4-க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு ஒரு துண்டு பிரெட்டாவது சாப்பிட வேண்டும். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். ஷுகர் ஃப்ரீ பானமும் டயட் கோலாவும் இந்த நேரத்தில் தண்ணீருக்குச் சமம். ஆகவே ஜூஸை வீட்டிலிருந்து மொத்தமாக ஒழித்துவிடாதீர்கள். சிறிய 200 மி.லி. கார்ட்டன் இரண்டை மாமியாரின் கட்டில் பக்கத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெளியே போகும்போது அவர் கைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். இரண்டிலும் காலாவதித் தேதியை அவ்வப்போது பாருங்கள்.